ஹமாவின் இரு சாட்சியங்கள்: படமில்லாத போரும் படங்கள் குவிந்த போரும்

ஆஸி ஆற்றின் கரையில் அமைந்த ஹமா, சிரியாவின் பழம்பெரும் நகரங்களுள் ஒன்று. ஆற்று நீரை அள்ளி உயரே ஏற்றித் தரும் ‘நாஊரா’ என்னும் மாபெரும் மரச்சக்கரங்கள் அந்நகரின் அடையாளம். பதினான்காம் நூற்றாண்டில் அந்நகரை ஆண்ட அபுல் ஃபிதா (1273–1331), ஆட்சியாளர் என்பதைவிட வரலாற்றாசிரியர், புவியியல் அறிஞர் என்றே உலகுக்கு அறிமுகமானவர். மனிதகுல வரலாற்றைத் தொகுத்துத் தந்த ஒருவர் ஆண்ட அந்நகரம், ஆறரை நூற்றாண்டு கழித்துத் தனக்கு நேர்ந்ததைத் தானே எழுதிவைக்க இயலாமல் போயிற்று.

1982 பிப்ரவரியில் ஹமாவில் நடந்ததையும், 2011-க்குப் பின் அதே நாட்டில் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னதில் படம் எடுக்க எவருமில்லை. பின்னதிலோ ஒவ்வொரு தெருவிலும் ஒரு கைபேசி இருந்தது. கைபேசி வந்ததால் போர்ச் செய்தி எவ்வாறு மாறியது? போரின் நினைவு எவ்வாறு மாறியது? நாள்தோறும் ஏதேனும் ஒரு போர்க்களத்தின் காணொளி நம் குடும்பக் குழுமங்களுக்கு வந்து சேரும் இக்காலத்தில், இக்கேள்விகள் நமக்கும் உரியவையே.

வாயிலடைத்த நகரம்

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்தே ஹாஃபிஸ் அல்-அஸதின் பஅஸ் கட்சி அரசுக்கும், இஃவானுல் முஸ்லிமீன் இயக்கத்தாருக்கும், அவர்களிலிருந்து பிரிந்த ஆயுதக் குழுவினருக்கும் இடையே மோதல் முற்றி வந்தது. அரசுத் தரப்பினர் பலர் கொல்லப்பட்டனர்; பதிலடியாகக் கைதுகளும் சித்திரவதைகளும் கொலைகளும் தொடர்ந்தன. 1982 பிப்ரவரி 2 அன்று ஹமாவில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அரசு நகரைச் சுற்றி வளைத்தது. அதிபரின் தம்பி ரிஃப்அத் அல்-அஸதின் தலைமையிலான பாதுகாப்புப் படைப்பிரிவுகள் அத்தாக்குதலில் முதன்மைப் பங்கு வகித்தன. ஏறத்தாழ நான்கு வாரங்கள் பீரங்கிக் குண்டுகள் பொழிந்தன. பழைய நகரின் பள்ளிவாசல்களும் வீடுகளும் சந்துகளும் மண்ணோடு மண்ணாயின. கைலானிய்யா என்னும் பழம்பெரும் குடியிருப்புப் பகுதியே இருந்த இடம் தெரியாமல் போனது.

இறந்தவர் எத்தனை பேர்? இன்றுவரை உறுதியான விடை இல்லை. பத்தாயிரம் என்பர் சிலர். நாற்பதாயிரம் வரை சொல்வோரும் உண்டு. இவ்விரு எண்களுக்கும் இடையே முப்பதாயிரம் மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்கள் கொல்லப்பட்டார்களா இல்லையா என்பதையே உலகம் உறுதியாகச் சொல்ல முடியாமல் இருக்கிறது. காரணம் எளியது. நகருக்குள் செய்தியாளர் அனுமதிக்கப்படவில்லை. தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அந்நாட்களில் ஊருக்குள் நிகழ்ந்தவற்றைக் காட்டும் படங்கள் மிகச் சொற்பம். ஓரிரு வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வழியில் கண்டதும், தப்பி வந்தவர்கள் வாய்மொழியாகச் சொன்னதுமே பிற்காலத்துக்குக் கிடைத்தன.

பின்னர் சிரிய மக்கள் அதைப் பெயரிட்டுச் சொல்லவும் அஞ்சினர். ‘அஹ்தாஸ்’, அதாவது ‘அந்த நிகழ்வுகள்’ என்று மட்டுமே வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டனர். பாடநூல்களில் அது இடம்பெறவில்லை. நினைவுக்கல் நடப்படவில்லை. ஆயினும் நினைவு அழிந்துவிடவில்லை. தாய் மகளுக்குச் சொன்னாள்; பாட்டனார் பேரனுக்குச் சொன்னார். யாருடைய தந்தை எந்தத் தெருவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார், அப்போது உடனிருந்தவர் யார், திரும்பி வந்தவர் யார் என்பது குடும்பங்களின் நெஞ்சில் பத்திரமாக இருந்தது. சொன்னவர் யார் என்பது கேட்டவருக்குத் தெரியும். இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

ரமளானுக்கு முந்தைய நாள்

2011-இன் தொடக்கத்தில் அரபு நாடுகளில் மக்கள் எழுச்சி பரவியபோது, சிரிய அரசு அந்தப் பிப்ரவரியில் ஃபேஸ்புக், யூடியூப் ஆகியவற்றின் மீதிருந்த பல ஆண்டுத் தடையை நீக்கியது. மார்ச் மாதம் தெற்கிலுள்ள தர்ஆ நகரில், சுவரில் அரசுக்கு எதிராக எழுதிய சிறுவர்கள் பிடித்துச் செல்லப்பட்டதை ஒட்டிப் போராட்டம் மூண்டது. அயல்நாட்டுச் செய்தியாளர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு முன் பலித்த அதே வழிமுறை. ஆனால் இம்முறை அது பலிக்கவில்லை. ஊர்வலத்தில் சென்ற மாணவனும், மாடியில் நின்ற இல்லத்தரசியும், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஓடிய செவிலியரும் கைபேசியை உயர்த்திப் பிடித்தனர்.

ஜூலை மாதம் ஹமாவின் மையச் சதுக்கத்தில் பெருந்திரளான மக்கள் கூடினர். ஜூலை 31 அன்று, ரமளான் தொடங்குவதற்கு முந்தைய நாள் விடியலில், டாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. ஏராளமானோர் கொல்லப்பட்டனர். தந்தை ஆட்சியில் பட்ட அடியை மகன் பஷார் அல்-அஸதின் ஆட்சியிலும் அந்நகரம் பட்டது. ஆனால் 1982-இல் வெளியுலகம் அறிய வாரங்கள் பிடித்த செய்தி, 2011-இல் அன்று பகலுக்குள் உலகெங்கும் திரையில் ஓடியது.

படம் எடுத்தவர்கள் அதற்குக் கொடுத்த விலை பெரிது. சோதனைச் சாவடிகளில் கைபேசிகள் பறிக்கப்பட்டன. ஒரு காணொளி கையில் இருந்ததற்காகவே சிறை சென்றவர்கள் உண்டு. 2012 பிப்ரவரியில் ஹும்ஸ் நகரின் பாபா அம்ர் பகுதியில், உள்ளூர் இளைஞர்கள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஊடக நிலையமே குண்டுவீச்சுக்கு இலக்கானது. அங்கே தங்கியிருந்த மேரி கால்வின் என்ற செய்தியாளரும், ரெமி ஓஷ்லிக் என்ற புகைப்படக் கலைஞரும் உயிரிழந்தனர். மேரி கால்வின் பெயரை உலகம் அறிந்தது. அவருக்கு வழிகாட்டிய ஹும்ஸ் இளைஞர்களின் பெயரை அறிந்தோர் சிலரே.

அலெப்போவில் வஅத் அல்-கதீப் என்ற இளம்பெண் முற்றுகைக் காலத்தைப் பல நூறு மணி நேரம் படம்பிடித்தார். அவருடைய கணவர் அங்கே மருத்துவமனை நடத்தியவர். குண்டுச் சத்தத்துக்கு நடுவே அவர்களுக்கு ‘ஸமா’ என்ற மகள் பிறந்தாள். தாங்கள் ஏன் நகரைவிட்டு வெளியேறாமல் இருந்தோம் என்று மகளுக்கு விளக்கிச் சொல்வதாகவே அந்தப் பதிவுகள் பின்னர் ஓர் ஆவணப்படமாயின. 2019-இல் வெளிவந்து உலக விருதுகளைப் பெற்ற அப்படம், ஹமாவின் தாய்மார் மகளிடம் வாய்மொழியாகச் சொன்னதைக் கேமரா வழியே சொன்னது எனலாம்.

ஒரு தவறான படம் செய்த கேடு

படம் இருப்பதாலேயே உண்மை நிலைபெற்றுவிடுமா? 2012 மே 25 அன்று ஹவ்லா என்னும் ஊரில் நடந்த படுகொலை இதற்கு விடை தருகிறது. அங்கே 108 பேர் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அவை கூறியது. அவர்களுள் 49 பேர் குழந்தைகள். இது நடந்தது உண்மை, விசாரணையாளர்களும் உறுதிசெய்தனர். ஆனால் அந்தச் செய்தியுடன் பிபிசியின் இணையதளம் ஒரு படத்தை வெளியிட்டது. வெண்துணியில் சுற்றிய உடல்கள் வரிசையாய்க் கிடக்க, ஒரு சிறுவன் அவற்றைத் தாண்டிச் செல்லும் படம். அது ஹவ்லாவில் எடுக்கப்பட்டதே அன்று. 2003-இல் ஈராக்கில் மார்கோ டி லௌரோ என்னும் இத்தாலியப் புகைப்படக் கலைஞர் எடுத்தது. தம் படத்தைத் தாமே அடையாளம் கண்டு அவர் சுட்டிக்காட்டிய பின்னரே அது நீக்கப்பட்டது.

யாரோ ஒருவர், ஒருவேளை நல்லெண்ணத்துடனேயே, அப்படத்தை ஹவ்லாவின் பெயரால் அனுப்பியிருக்கலாம். விளைவு என்ன? கொலையை மறுக்க விரும்பியவர்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. ‘இந்தப் படம் பொய்; எனவே அந்தச் செய்தியும் பொய்’ என்று அவர்கள் வாதிட்டனர். 49 குழந்தைகளின் உண்மையான மரணத்தின்மீது, ஈராக்கில் எடுத்த ஒரு படம் சந்தேக நிழலைப் படரவிட்டது.

2014 நவம்பரில் இன்னொரு நிகழ்வு. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஓடி ஒரு சிறுமியைக் காப்பாற்றும் ‘சிரியச் சிறுவன்’ என்ற காணொளியை இலட்சக்கணக்கானோர் கண்டு கண்ணீர் விட்டனர். சில நாட்களில் உண்மை வெளிவந்தது. அது நார்வே நாட்டுத் திரைப்பட இயக்குநர் ஒருவர் மால்டாவில் நடிகர்களைக் கொண்டு எடுத்த காட்சி. போர்க்களச் சிறுவர்கள்மீது உலகின் கவனத்தைத் திருப்பவே அவ்வாறு செய்ததாக அவர் கூறினார். ஆனால் அதன்பின் உண்மையாகவே காயம்பட்ட சிறுவரின் காணொளி வந்தபோது, ‘இதுவும் நடிப்போ?’ என்று கேட்பது எளிதாகிவிட்டது. நல்ல நோக்கத்திற்காகச் சொல்லப்படும் பொய்யும், இறுதியில் பாதிக்கப்பட்டவரிடமிருந்தே அதன் விலையை வாங்குகிறது.

குழப்பத்துக்குப் பின் பிறந்த கேள்வி

இந்த இடத்தில் நம் அறிவு மரபின் ஒரு பக்கம் நினைவுக்கு வருகிறது. நபிமொழிகளை அறிவிப்பவரிடம் ‘இதை உமக்குச் சொன்னவர் யார்?’ என்று தொடக்கத்தில் கண்டிப்பாகக் கேட்கும் வழக்கம் இல்லை. ஃபித்னா என்னும் குழப்பம் நேர்ந்த பின்னரே அறிவிப்பாளர்களின் பெயர்களைக் கேட்கத் தொடங்கினர் என்று தாபிஈ அறிஞர் இப்னு சீரீன் கூறியதாக, ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் பதிவாகியுள்ளது. உஸ்மான் (ரலி) அவர்களின் கொலையை ஒட்டி எழுந்த உள்நாட்டுப் போரையே அது குறிக்கிறது என்பது அறிஞர் பலரின் கருத்து. அதாவது, முஸ்லிம்கள் முஸ்லிம்களோடு போரிட்ட காலத்தின் காயத்திலிருந்தே அறிவிப்பாளர் தொடர் என்னும் இஸ்னாத் பற்றிய கண்டிப்பு வளர்ந்தது. போரில் ஒவ்வொரு தரப்பும் தனக்கு வசதியான செய்தியைப் பரப்பும் என்பதை அம்மக்கள் பட்டு அறிந்திருந்தனர்.

அதன் பின் எத்தகைய உழைப்பு! அறிவிப்பவர் வாழ்ந்த காலம், பயணம் செய்த ஊர்கள், நினைவாற்றல், நேர்மை ஆகியவற்றை ஆராயும் ஒரு தனிக்கலையே உருவாயிற்று. இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்திருக்க வாய்ப்புண்டா என்று கேட்டனர். தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதை மறைக்காமல் குறித்துவைத்தனர். வரலாற்றாசிரியர் தபரீயும் ஒரே நிகழ்வுக்குப் பல அறிவிப்புகளை, அவற்றைச் சொன்னவர் பெயரோடு அடுக்கித் தந்து பிற்காலத்தார் ஆராய இடம்விட்டார்.

இன்று போர்க் காணொளிகளை ஆராய்வோர் செய்யும் பணிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டுவது. முதலில் பதிவேற்றியவர் யார் என்று தேடுகிறார்கள். காட்சியில் தெரியும் மினாரா, தண்ணீர்த் தொட்டி, மலைமுகடு ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு இடத்தை உறுதிசெய்கிறார்கள். நிழலின் நீளத்தையும் திசையையும் கொண்டு நேரத்தைக் கணிக்கிறார்கள். வேறு கோணத்தில் வேறொருவர் எடுத்த காணொளி உண்டா என்று பார்க்கிறார்கள். 2013 ஆகஸ்ட் 21 அன்று டமாஸ்கஸ் புறநகரான கூத்தாவில் நச்சுவாயுத் தாக்குதல் நடந்தபோது, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் தம் வீட்டிலிருந்தபடியே எலியட் ஹிக்கின்ஸ் என்பவர் யூடியூப் காணொளிகளில் தெரிந்த ராக்கெட் பாகங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவர் அரபு மொழி அறியாதவர். போர்க்களம் சென்றவரும் அல்லர். பொறுமையே அவர் கருவி. மறு ஆண்டு அவர் தொடங்கிய ‘பெல்லிங்கேட்’ அமைப்பு இத்துறையின் முன்னோடியாயிற்று. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகமும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் இணைந்து, இத்தகைய ஆய்வுக்கான நெறிமுறைத் தொகுப்பையே வெளியிட்டன.

நம் கையிலிருக்கும் செயலியையும் இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு படம் வாட்ஸ்அப்பில் கைமாறும்போது, மெட்டாடேட்டா எனப்படும் அதன் உள்விவரங்கள், அதாவது எடுத்த நாள், இடம், கருவி பற்றிய குறிப்புகள், பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறிப்பு மட்டும் தலைமேல் நிற்கும். எத்தனை கை மாறியது என்பதற்கு அடையாளம் உண்டு. எவர் கையிலிருந்து வந்தது என்பதற்கு இல்லை. இஸ்னாதுக்கு நேர் எதிரான அறிவிப்பு முறை இது.

இயந்திரம் அழித்த சாட்சியம்

சிரியர்கள் படம் எடுத்தார்கள். எடுத்ததை யூடியூபில் ஏற்றினார்கள். ஏற்றியதால் அது பத்திரமாக இருக்கும் என்று நம்பினார்கள். வீடு இடியலாம், கணினி எரியலாம், கலிபோர்னியாவில் இருக்கும் நிறுவனத்தின் சேமிப்பகம் அழியாது அல்லவா? 2017 கோடையில் அந்த நம்பிக்கை உடைந்தது.

தீவிரவாதப் பிரசாரத்தை அகற்றுவதற்காக யூடியூப் அந்த ஆண்டு தானாகக் கற்கும் கணினி நிரல்களைப் பெருமளவில் பயன்படுத்தத் தொடங்கியது. கொலையைப் பெருமையாகக் காட்டும் காணொளியிலும், கொலையைச் சாட்சியாகப் பதிவுசெய்த காணொளியிலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: ஆயுதம், இரத்தம், உடல், அரபு எழுத்து. எடுத்தவரின் நோக்கத்தை இயந்திரம் அறியாது. சிரியப் போரைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து வந்த ஊடகக் குழுக்களின் காணொளிகள் ஆயிரக்கணக்கில் மறைந்தன. சில அலைவரிசைகள் முழுமையாக நீங்கின. முறையிட்ட பின் ஒரு பகுதி மீண்டது. ஆனால் முறையிட ஆள் வேண்டுமே! படம் எடுத்தவரே குண்டுவீச்சில் மாண்டிருந்தால், அல்லது சிறையில் காணாமல் போயிருந்தால், அவருடைய கணக்குக்காக வாதாடுவது யார்?

2014-இல் சிரியர்கள் சிலர் தொடங்கிய ‘சிரிய ஆவணகம்’ என்னும் அமைப்பு இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தது. பெர்லினிலிருந்து இயங்கும் அக்குழுவினர் இலட்சக்கணக்கான காணொளிகளைப் பதிவிறக்கி, தம் சொந்தச் சேமிப்பகங்களில் வைத்தனர். ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஹாஷ்’ எனப்படும் எண்ணெழுத்துத் தொடரைக் கணித்துக் குறித்தனர். அது கோப்பின் கைரேகை போன்றது. பின்னாளில் எவரேனும் கோப்பில் சிறிது மாற்றினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். எங்கிருந்து எடுத்தது, எப்போது எடுத்தது, யார் பதிவேற்றியது என்ற விவரங்களையும் உடன் வைத்தனர்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். நீக்குவதே தவறு என்று கூற முடியாது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில், ஜும்ஆவுக்குக் கூடியிருந்த நம் சகோதரர்கள் 51 பேரைக் கொன்றவன், அக்கொடுமையை ஃபேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்பினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அக்காணொளியின் 15 இலட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் தெரிவித்தது. அந்தக் காட்சி பரவக்கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இருக்க முடியுமா? ஷஹீதானவர்களின் இறுதி நொடிகள் அந்நியரின் வேடிக்கைப் பொருளாவதை எந்தக் குடும்பம் பொறுக்கும்?

எனவே பார்வையிலிருந்து அகற்றுவது வேறு. பதிவையே அழிப்பது வேறு. பொதுமக்கள் பார்க்கத் தேவையில்லாத காட்சியும், நீதிபதியும் வரலாற்றாசிரியரும் பார்க்க வேண்டியதாக இருக்கலாம். நீதிமன்றத்தில் சில சான்றுகள் முத்திரையிட்டுக் காக்கப்படுவது போல, இவற்றையும் காக்க வேண்டும் என்பதே மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாக வைத்துவரும் கோரிக்கை. இலாபத்துக்காக இயங்கும் நிறுவனங்களுக்கு அது கட்டாயக் கடமை ஆகும்வரை, போரின் நினைவு அந்நிறுவனங்களின் விதிமுறை மாற்றத்தைச் சார்ந்தே நிற்கும்.

மன்றம் ஏறிய படங்கள்

காக்கப்பட்ட பதிவு என்ன செய்யும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2017 ஆகஸ்ட் 15 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், லிபியாவின் பென்காசி பகுதியில் 33 பேரைக் கொன்றதாக மஹ்மூத் அல்-வர்ஃபல்லி என்ற படைத் தளபதிக்குப் பிடியாணை பிறப்பித்தது. சமூக ஊடகங்களில் வெளியான காணொளிகள் அதற்கு முதன்மை ஆதாரமாயின. அந்நீதிமன்றத்தின் வரலாற்றில் இது புதியது. ஆயினும் அவர் ஒருபோதும் கூண்டில் ஏறவில்லை. 2021 மார்ச்சில் பென்காசியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சிரியாவின் இராணுவக் காவல் துறையில் ஒரு புகைப்படக் கலைஞர் இருந்தார். சிறைகளில் மாண்டவர்களின் உடல்களைப் படமெடுத்து எண்ணிடுவது அவருக்கு இடப்பட்ட பணி. அவர் 2013-இல் நாட்டைவிட்டுத் தப்பியபோது, ‘சீசர்’ என்ற புனைபெயரில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வெளியுலகை அடைந்தன. இரண்டு ஆண்டுகளாக அவர் அவற்றை நகலெடுத்துக் கடத்தியிருந்தார். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2015-இல் அவற்றை ஆராய்ந்து, 6,786 கைதிகளின் உடல்கள் அவற்றில் இருப்பதாக அறிவித்தது. அந்தப் படங்கள் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றத்தில் தடயவியல் வல்லுநர் ஒருவரால் விளக்கப்பட்டன. 2022 ஜனவரி 13 அன்று, டமாஸ்கஸின் ஒரு விசாரணைச் சிறையை நடத்திய அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. படங்கள் மட்டும் அத்தண்டனையைப் பெற்றுத் தரவில்லை. அச்சிறையிலிருந்து உயிர்தப்பியவர்கள் மன்றத்தில் எழுந்து நின்று, ‘நான் அங்கிருந்தேன்’ என்று சொன்னார்கள்.

டமாஸ்கஸின் ததாமுன் பகுதியில் 2013 ஏப்ரல் 16 அன்று, கண்கள் கட்டப்பட்ட 41 பேரை ஒரு குழியருகே கொண்டுவந்து சுட்டுத் தள்ளிய காட்சியைக் கொலையாளிகளே படமெடுத்திருந்தனர். அப்பதிவு இளம் படைவீரர் ஒருவரின் கையில் அகப்பட்டு வெளிநாடு சென்றது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களான அன்ஸார் ஷஹூத், உகுர் உமித் உங்கோர் ஆகிய இருவரும் சுட்டவனைத் தேடினர். அன்ஸார், அரசு ஆதரவாளப் பெண்போல ஃபேஸ்புக்கில் வேறொரு பெயரில் கணக்குத் தொடங்கி, காணொளியில் கண்ட முகத்தை ஆயிரக்கணக்கான முகங்களுக்கிடையே தேடிக் கண்டுபிடித்தார். அவனிடமே பேச்சுக் கொடுத்து வாக்குமூலமும் பெற்றார். 2022 ஏப்ரலில் உலகம் அதை அறிந்தது. கொலை நடந்து ஒன்பது ஆண்டுகள், தம் பிள்ளைகள் எங்கே என்று அறியாமல் காத்திருந்த குடும்பங்கள் அப்போதுதான் அந்த நிழலுருவங்களில் தம்மவரைத் தேடின.

சீசர் படங்கள் இணையத்தில் வெளியானபோதும் இதுவே நடந்தது. காணாமல் போன மகனைத் தேடி, தாய் ஒருத்தி ஒவ்வொரு சடலத்தின் முகமாகப் பார்த்துச் செல்ல வேண்டியிருந்தது. கண்டால் பேரிடி, காணாவிட்டால் தீராத ஐயம். போர்ப் படங்களை நாம் விரலால் தள்ளிக் கடக்கும் அதே திரையில்தான் அவர்கள் ஜனாஸாவைத் தேடினார்கள். மரித்தவரின் கண்ணியத்தைப் பேணுமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயத்தினர் நாம். அந்தத் தாய் பார்க்கக்கூடும் என்ற எண்ணம், ஒரு சடலத்தின் படத்தைப் பகிரும் முன் நம் விரலைத் தடுக்க வேண்டும்.

மீண்டும் ஹமா

இவ்வளவு பதிவுகள் இருந்தும் போர் நின்றதா? இல்லை. 2011 மார்ச் முதல் 2021 மார்ச் வரையிலான பத்தாண்டுகளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. உலகம் பார்த்துக்கொண்டே இருந்தது. பார்த்துப் பார்த்து மரத்தும் போனது. ‘உலகம் அறிந்தால் தடுக்கும்’ என்று ஹமா மக்கள் 1982-இல் நம்பியிருக்கலாம். அலெப்போ மக்களுக்கு அந்த நம்பிக்கைக்கும் வழியில்லாமல் போயிற்று.

2024 டிசம்பர் 5 அன்று எதிர்ப்படைகள் ஹமாவைக் கைப்பற்றின. மூன்று நாளில் பஷார் நாட்டைவிட்டு ஓடினார். மக்கள் ஸைத்னாயா சிறைக்கு விரைந்தனர். காணாமல் போனவரின் பெயர் எங்கேனும் உண்டா என்ற தவிப்பில் அலுவலகத் தாள்களை அள்ளினர். கைபேசிகள் எங்கும் நேரலை செய்தன. அந்த நேரலைகளில் தெரிந்த தரை முழுதும் ஆவணங்கள். அவற்றின்மீதே கால்கள் நடந்தன. சான்றுகள் சிதைகின்றன, காத்துவையுங்கள் என்று மனித உரிமை அமைப்புகள் மன்றாடின. அரைநூற்றாண்டுக் கொடுமையின் எழுத்துச் சாட்சியம், உலகம் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலடியில் கசங்கியது. அம்மக்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை; அவர்கள் பிள்ளைகளைத் தேடியவர்கள். ஆனால் பார்ப்பதும் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி இல்லை.

2025 பிப்ரவரியில் ஹமா மக்கள் 1982-இன் இறந்தவர்களை முதன்முறையாகத் தம் நகரில் வெளிப்படையாக நினைவுகூர்ந்தனர். 43 ஆண்டுகள் ஒளித்துவைத்த பெயர்கள் உரக்கச் சொல்லப்பட்டன. படமில்லாத அந்தப் படுகொலையின் நினைவை அதுவரை தாங்கி வந்தவை குடும்பங்களே. ‘உன் பாட்டனாரை இன்ன தெருவில் கண்டேன்’ என்று சொன்ன ஒருவரும், அதைக் கேட்டுக் காத்த இன்னொருவரும் தொடர் அறாமல் நின்றனர். படங்கள் நிறைந்த போரின் நினைவோ, படமெடுத்தவர் பெயரும் ஊரும் நாளும் உதிர்ந்த நிலையில், எவரோ எழுதிய தலைப்போடு கைமாறிக்கொண்டிருக்கிறது. வாய்மொழியில் அறாத கண்ணி, திரையில் ஒரே தொடுகையில் அறுந்துவிடுகிறது.

காஸாவிலிருந்தும் சூடானிலிருந்தும் இன்றும் நம் கைக்குப் படங்கள் வருகின்றன. நாம் நீதிபதிகள் அல்லர், ஆய்வாளர்களும் அல்லர். ஆனால் நம்மிடம் வந்த கணத்திலேயே நாம் ஓர் அறிவிப்பாளர் ஆகிவிடுகிறோம். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற ஸூரத்துல் ஹுஜுராத்தின் அறிவுரை, அறியாமல் ஒரு சமூகத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்பதையே காரணமாகச் சொல்கிறது. ஹவ்லாவின் குழந்தைகளுக்கு அத்தகைய தீங்குதான் நேர்ந்தது. அனுப்பியவர் வருந்தினாரா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

ஆகவே அடுத்த காணொளி வரும்போது, கண்ணீருக்கு முன் ஒரு கேள்வி வரட்டும்: இதை எடுத்தவர் யார், எங்கே, எப்போது? விடை தெரியாவிட்டால் அது நம்மோடு நிற்கட்டும். தெரிந்தால், அந்தப் பெயரையும் ஊரையும் நாளையும் சேர்த்தே அனுப்புவோம். நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கற்பிப்போம். உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்த அந்த ஹும்ஸ் இளைஞனுக்கு, தொலைவில் இருக்கும் நாம் செய்யக்கூடிய கைம்மாறு, அவனுடைய சாட்சியத்தைச் சிதைக்காமல் அடுத்தவரிடம் ஒப்படைப்பதே. மாண்டோர் அனைவருக்கும் அல்லாஹ் தன் அருளைப் பொழிவானாக! காணாமல் போனோரின் குடும்பங்களுக்கு உண்மையைக் கொண்டு அமைதி தருவானாக! ஆமீன்.